தோன் பெலார்மினோ கேட்ட தலை

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பாம்பு வந்து சேரும் விதமே தனி. கடிபட்டவர் முன்னால் வருவார். பின்னால் யாராவது ஒரு மச்சான், கையில் உரச் சாக்கோடு வருவார். சாக்கை அப்படியே என் மேசைமேல் கவிழ்ப்பார். ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று துண்டாகப் பாம்பு விழும். எல்லாத் துண்டும் இருக்கும், தலையைத் தவிர. நான் எல் தெஸ்வியோவில் உதவிச் செவிலியாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர்கூடத் தலையோடு பாம்பைக் கொண்டுவந்தது கிடையாது. வெட்டுக்கத்தியால் தலையைத் துண்டித்து, தனியாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுத்தான் கடிபட்டவரையே தூக்குவார்கள். தலை வெளியே கிடந்தால் ஜோடிப் பாம்பு தேடி வருமாம். வெட்டின தலையும் கடிக்குமாம். முதலாவது பொய், இரண்டாவது உண்மை. இப்படிப் பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்ல எங்கள் ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

அவர் பெயர் பெலார்மினோ சவரியா. முகத்துக்கு நேரே எல்லோரும் தோன் பெலார்மினோ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'தலை' என்பார்கள். பாம்பைக் கண்டதும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்பதால் வந்த பெயர்.

"தலை எங்கய்யா?"

"புதைச்சாச்சு, தோன் பெலார்மினோ."

"எங்க புதைச்சீங்க?"

"அதச் சொல்லக் கூடாதுல்ல."

"ஒங்க மச்சான் செத்தா அவரையும் இப்பிடித்தான் தலைய வெட்டித் தனியா புதைப்பீங்களா?"

"அவருக்குத் தலையே கெடையாதுங்க. என் தங்கச்சியக் கட்டிக்கிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

இதைச் சொன்னவர் எவேலியோ. கால் தொடை வரைக்கும் வீங்கி, கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த அவருடைய மச்சானே சிரித்துவிட்டார். தோன் பெலார்மினோ மட்டும் சிரிக்கவில்லை. பாம்பு விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிழைப்புக்கு அவர் பனங்குருத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தார். களை வெட்டும் கூட்டம் ஒவ்வொரு வரிசையில் இறங்குவதற்கு முன்னால், கொக்கிக் கம்போடு தனியாக நடந்து பாம்பு பார்ப்பதுதான் வேலை. மற்றவர்கள் பாம்பைத் தேடுவார்கள். அவர் பாம்பைத் தேட மாட்டார். எலி நடக்கிற தடத்தைத் தேடுவார். தடம் கிடைத்ததும் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, சருகு எங்கே அழுத்தி வைத்தமாதிரி படிந்திருக்கிறது என்று பார்ப்பார். அங்கே விரியன் சுருண்டு படுத்திருக்கும். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டடி தூரத்தில் நிறுத்தி, பாருங்க என்றார். ஐந்து நிமிஷம் பார்த்தேன். சருகுதான் தெரிந்தது. பிறகு சருகு நாக்கை நீட்டியது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

பிடித்ததைக் கொல்ல மாட்டார். சாக்கில் போட்டுப் பள்ளத்துக் காட்டில் விட்டுவிட்டு வருவார். அதனால் தோட்டத்துக்காரர்கள் பாதிப்பேர் அவரை நன்றியோடும் மீதிப்பேர் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோலவும் பார்த்தார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன்.

சுகாதார நிலையத்துக்கு அவர் வந்தது சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்டால் வருவார். வருகிறபோது சட்டைப் பையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கிற கண்ணாடி ஒன்றும், பனைமுள் ஒன்றும் இருக்கும். முள்ளின் நுனியால் செதில் செதிலாகத் தள்ளி எண்ணுவார். வயிற்றைத் திருப்பி வாலடிப் பட்டைகளைப் பார்ப்பார். பிறகு சொல்வார். அவர் சொன்னதுதான் தீர்ப்பு. ஏனென்றால் மருந்து இரண்டு வகை. விரியன் கடிக்கு ஒன்று, அது எங்கள் குளிர்பெட்டியிலேயே இருக்கும். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக வளையம் போட்ட பவளப் பாம்பு கடித்தால் வேறொன்று, அது இரண்டு மணி நேரப் பாதைக்கு அப்பால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் பச்சைத் தண்ணீரைப் போட்டமாதிரிதான்.

விரியனைத் தலை இல்லாமலே சொல்லிவிடுவார். முதுகைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். தகராறு எல்லாம் வளையப் பாம்பில்தான். பவளனைப்போலவே வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற அப்பாவிப் பாம்பு ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. நாங்கள் அதைப் போலி என்போம். இரண்டுக்கும் முதுகில் பதினைந்து வரிசைச் செதில், இரண்டும் வழவழப்பு. வளையம் அடுக்கியிருக்கிற முறையில் வித்தியாசம் உண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் பள்ளத்தில் பிறக்கிற பாம்புகள் புத்தகம் படித்துவிட்டுப் பிறப்பதில்லை. வளையம் கலைந்ததும், பாதியில் நின்றதும், மஞ்சளே இல்லாததும் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. நிச்சயமாகத் தெரியவேண்டுமானால் தலையைப் பார்க்கவேண்டும். மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் நடுவில் தனியாக ஒரு சின்னச் செதில் இருந்தால் போலி, இல்லாவிட்டால் நிஜம்.

அதனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். வளையப் பாம்பு தலை இல்லாமல் வந்தால், "தெரியாது" என்பார். அவ்வளவுதான். கெஞ்சினாலும் திட்டினாலும் மேலே ஒரு வார்த்தை வராது. அவர் 'தெரியாது' என்றால் டாக்டர் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். இருபத்தோரு வருஷத்தில் ஆறு தடவை அப்படிச் சொன்னார். ஐந்து பேர் அங்கே ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறைசொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆறாவது ஆளை நிஜம் கடித்திருந்தது. அவரும் திரும்பி வந்தார், மூன்று வாரம் கழித்து. அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பிழைக்கவைத்தது என்று ஊரே பேசியது.

பேசியதே தவிர, அடுத்த பாம்பையும் தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

இதில் வேடிக்கை, அவர் வீட்டிலேயே அவர் பேச்சு எடுபடவில்லை. அவர் மனைவி தோன்யா செனெய்தா, வீட்டுப் பக்கம் வந்த பாம்பை வெட்டினால் தலையை விறகடுப்பில் போட்டு எரித்துவிடுவார். அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. கல்யாணமான மூன்றாவது வருஷம், யாரோ கொன்று போட்டிருந்த விரியனின் தலையை தோன் பெலார்மினோ கையில் எடுத்து வாயைத் திறந்து பார்த்தார். உடம்பை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்த தலை அது. பட்டென்று மூடிக்கொண்டது. இடது கையில் மோதிர விரல் பாதி போயிற்று. நாற்பது நாள் அழுகின கையைக் கழுவிக் கட்டுப்போட்டவர் செனெய்தா. அன்றிலிருந்து தன் வீட்டுக்குள் பாம்புத் தலை வரக்கூடாது என்று வைத்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் தலையக் கேளுங்க. என் வீட்டுல கேக்காதீங்க" என்பார்.

"ஒரு நாள் அந்தத் தலை வேணும்னு ஆகும் பாருங்க" என்பார் இவர். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் நீங்கதான், பிள்ளைகளிடமும் நீங்கதான். சண்டை போட்டாலும் அதே மரியாதைதான்.

இவர்களுக்கு ஒரே மகள், நொயெமி. இருபத்துமூன்று வயது. ஊர்க் கடையில் கல்லாவில் இருந்தாள். அவள் சிரிப்புக்காகவே அரைக் கிலோ அரிசி வாங்க வருகிறவர்கள் இருந்தார்கள். அப்பாவைப்போல அவளுக்கும் பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. பத்து வயதிலிருந்தே, வீட்டைச் சுற்றி வளையப் பாம்பு தென்பட்டால் அம்மாவின் வெட்டுக்கத்தி வருவதற்குள் கையால் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடுவாள். தோன் பெலார்மினோ அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். வீட்டு முற்றத்தில் அவர் உயிரோடு பிடித்துப் பார்த்த பதினான்கு வளையப் பாம்பும் போலி.

"வீட்டச் சுத்தி இருக்கறதெல்லாம் போலிதான்" என்று அவர் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டில் அது ஜெபம்மாதிரி ஆகிவிட்டது. பதினைந்தாவது வேறாக இருக்கலாம் என்று இவ்வளவு எண்ணிப் பழகின மனிதருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் என்ன பெரிய புத்திசாலியா.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி. எல் தெஸ்வியோவில் எல்லா வீட்டிலும் தமால் வேலை நடந்துகொண்டிருந்தது. சோளமாவைப் பன்றிக்கறியோடு வாழை இலையில் மடித்து, கயிறு கட்டி, அண்டாவில் வேகவைக்கவேண்டும். அதற்கு முந்தின நாளே இலை அறுத்து அடுக்கி வைப்பார்கள். தோன் பெலார்மினோ வீட்டிலும் பின்கட்டில் இலைக் கட்டு இருந்தது. காலை எட்டு மணிக்கு நொயெமி அதைப் பிரித்தபோது நடுவில் ஒரு வளையப் பாம்பு இருந்தது. செனெய்தா கத்தியை எடுத்தார். நொயெமி வழக்கம்போல முந்திக்கொண்டாள்.

அது அவள் சுண்டுவிரலைக் கவ்வியது. உதறினாள், விடவில்லை. மெல்லுகிறமாதிரி பிடித்துக்கொண்டே இருந்ததாம். அம்மா பிடுங்கிக் கீழே போட்டு, நான்கு வெட்டு வெட்டினார். தலையை எடுத்தார். தமால் அண்டாவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டுவிட்டார்.

தோன் பெலார்மினோ அப்போது தோட்டத்தில் இருந்தார். செய்தி போய் அவர் நேராகச் சுகாதார நிலையத்துக்கு வந்தபோது மணி பத்து. நொயெமி கட்டில் ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் இரண்டு சிவப்புப் புள்ளி, குண்டூசி குத்தினமாதிரி. வீக்கம் இல்லை. கொஞ்சம் மரத்திருக்கிறது என்றாள்.

"அப்பா, இந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க. மாவு பிசைஞ்சது பிசைஞ்சபடி கெடக்கு. புளிச்சுரும்."

டாக்டர் சோலேரா அந்த வருஷம்தான் படிப்பு முடித்து, கட்டாயச் சேவைக்காக எங்களிடம் வந்திருந்த பெண். "எனக்கு அனுப்பிடறதுதான் சரின்னு படுது" என்றாள். "ஆனா ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் இருக்கு. பண்டிகை வேற. உங்க அபிப்பிராயம் தெரியாம நான் முடிவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

செனெய்தா சாக்கைப் பிரித்தார். நான்கு துண்டு. சாம்பலும் இலைச் சாறும் அப்பியிருந்தது. தோன் பெலார்மினோ ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முள்ளால் எண்ணினார். பதினைந்து. வளையங்கள் ஒழுங்கில்லாமல், ஓர் இடத்தில் கறுப்பு இரட்டையாகவும் ஓர் இடத்தில் ஒற்றையாகவும் இருந்தன. எண்ணிக்கொண்டே கழுத்துப் பக்கம் போனார். அங்கே முள் நின்றது.

"தலை?" என்றார்.

செனெய்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"செனெய்தா, தலை எங்க?"

"அடுப்புல."

"எரிஞ்சிருச்சா?"

"நீங்க வந்ததும் வாயத் தெறந்து பாப்பீங்கன்னுதான். ஒங்களுக்காகத்தான் போட்டேன்."

அவர் திட்டவில்லை. இருபத்தோரு வருஷமாக ஊரையே திட்டினவர், அன்றைக்குத் திட்டியிருக்கலாம். திட்டிவிட்டு, எப்போதும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். டாக்டர் தொலைபேசியில் கையே வைத்துவிட்டாள்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தாள், விடுங்கம்மா என்கிறமாதிரி. அவர் மறுபடியும் பாம்பைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிஜமாக இருந்தால், அதைக் கையில் எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் பாம்பு போலியாக இருந்தே ஆகவேண்டும்.

"போலி" என்றார்.

"நிச்சயமா?" என்றாள் டாக்டர்.

"பதினாலு பார்த்திருக்கேன் அந்த வீட்டுல. போலிதான்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். அவள் புதியவள், நான் பழையவள். அவருடைய சட்டம் எனக்குத் தெரியும். தலை இல்லாத வளையப் பாம்புக்கு அவர் பெயர் சொன்னது இதுதான் முதல் தடவை என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லியிருக்கவேண்டும். "தோன் பெலார்மினோ சொன்னா சரியாத்தான் இருக்கும், டாக்டர்" என்று சொன்னேன். இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் அரை மனதோடு தொலைபேசியிலிருந்து கையை எடுத்தாள். வீட்டுக்கு அனுப்ப மட்டும் மறுத்துவிட்டாள். சாயந்திரம்வரை கட்டிலில் இருக்கட்டும் என்றாள். நொயெமி முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள். பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொண்டு போயிற்று. பன்னிரண்டுக்கு நொயெமி கறுப்பு பீன்ஸும் சோறும் சாப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்களில் யார் யாருக்குக் கடன் சொல்ல வெட்கமே இல்லை என்று நடித்துக் காட்டினாள். தோன் பெலார்மினோ வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஒரு மணி சுமாருக்கு நொயெமி என்னைப் பார்த்து, "ஆதிலியாக்கா, ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?" என்றாள்.

நான் வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினாள், இமை ஏறவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்த வழியில்தான் போயிற்று. பேச்சு குழறியது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் திரும்பி வர மூன்றரை ஆயிற்று. நாலு மணிக்கு அன்னாசித் தோட்டங்களைத் தாண்டும்போது மூச்சு மேலோட்டமாக வந்தது, பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. நான் மூச்சுப் பையை அவள் வாயில் வைத்து அமுக்க ஆரம்பித்தேன். அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். ஒரு மணி நேரம் அமுக்கினேன்.

பவளன் விஷம் தசையைத்தான் கட்டும், புத்தியைத் தொடாது. கண் திறக்க முடியாது, விரல் அசைக்க முடியாது, ஆனால் எல்லாம் கேட்கும். எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், தோன் பெலார்மினோவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் மகளின் தலைமாட்டில் மண்டிபோட்டு, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "போலிதான் மகளே, போலிதான். பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதை முழுக்க அதையேதான் சொன்னார். மூடின இமைக்குள்ளிருந்து அவளுக்குக் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் மூச்சு நிற்கும்.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். அவர்கள் பேரில் ஒரு குறையும் இல்லை. மருந்து போய்ச் சேர்ந்த நேரம்தான் தப்பு. இயந்திரத்தில் ஒரு வாரம் இருந்தாள். நுரையீரலில் சளி கட்டியது. முப்பதாம் தேதி மத்தியானம் போய்விட்டாள்.

இரவெல்லாம் உடலைக் காத்திருந்த சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தமால் கொடுத்தார்கள். பாதியில் நின்ற மாவை அக்கம்பக்கத்துப் பெண்கள் எடுத்துப்போய் முடித்து, ஐஸில் வைத்திருந்தார்கள். அந்த இலைக் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு இலையில் மடித்தார்கள் என்று நம்புகிறேன். நான் கேட்கவில்லை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், தின்றேன். எங்கள் ஊரில் மறுப்பது வழக்கமில்லை.

அவளுக்காகச் சொன்ன ஒன்பது நாள் ஜெபமாலையின் நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ எவேலியோ வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறு கையில் ஒரு காப்பித்தூள் டப்பாவை நீட்டினார்.

"தோன் பெலார்மினோ, கோழிக்கூட்டுல அடிச்சோம். தலையோட கொண்டாந்திருக்கேன்."

அவ்வளவு வருஷத்தில் எல் தெஸ்வியோவிலிருந்து வந்த முதல் தலை அதுதான். எவேலியோ அதை ஒரு காணிக்கையாகத்தான் கொண்டுவந்தார், பாவம். தோன் பெலார்மினோ டப்பாவுக்குள் பார்த்தார். பச்சைக் கொடிப்பாம்பு. முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கே தெரியும், அதற்கு விஷம் இல்லை என்று.

"தெரியாது" என்றார்.

அதன்பிறகு எல்லோரும் தலையோடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். புட்டியில் போட்டு, துணியில் சுற்றி, சாராயத்தில் ஊறவைத்து, எப்படியெல்லாமோ வந்தது. நொயெமியின் சாவு அந்த ஊருக்கு அந்த ஒரு புத்தியைக் கொடுத்தது. ஆனால் கேட்ட ஆள் இப்போது பார்ப்பதில்லை. பார்த்தாலும் ஒரே பதில்தான். விரியனின் முக்கோணத் தலையை நேருக்கு நேர் நீட்டினாலும், "தெரியாது." நத்தை தின்கிற பொடிப் பாம்புக்கும், "தெரியாது." ஒரு விடலைப் பயல் வம்புக்கு மண்புழுவைக் கொண்டுபோய்க் காட்டினான். அதற்கும் கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரியாது என்றார். பயல் சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை.

தோட்டத்து வேலையை விட்டார். தடம் பார்க்க இப்போது யாரும் முன்னால் நடப்பதில்லை. போன வருஷம் களை வெட்டுகிறவர்களில் மூன்று பேருக்குக் கடி. டாக்டர் சோலேரா சேவைக் காலம் முடிந்து போய்விட்டாள். போகும்போது என்னிடம் விடைபெற்றாள், அவரிடம் போகவில்லை. அடுத்து வந்தவர் எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார், தோன் பெலார்மினோ என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். செனெய்தா காப்பி கொடுப்பார். தோன் பெலார்மினோ சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவர் அடுப்பில் போட்டார், ஒருவர் பொய் சொன்னார். இரண்டும் அன்பினால்தான். அன்பு என்று சொல்லிக்கொண்டால் எது குறைகிறது, சொல்லுங்கள்.

போன ஞாயிறு காப்பி ஊற்றிக்கொண்டிருந்த செனெய்தா, பின்கட்டில் எதையோ பார்த்துவிட்டு வெட்டுக்கத்தியோடு போனார். சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரத் தட்டு. அதில் வளையப் பாம்பு ஒன்று. வெட்டாமல், கத்தியின் பின்பக்கத்தால் அடித்துக் கொன்றிருந்தார், தலை முழுசாக இருக்கவேண்டும் என்று. தட்டைத் துடைத்து, பாம்பையும் துடைத்து, தோன் பெலார்மினோவின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அலமாரியிலிருந்து கண்ணாடியையும் பனைமுள்ளையும் எடுத்து வந்து வைத்தார்.

"தலையோட கொண்டாந்திருக்கேன்" என்றார். "பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக்கூட இடுக்கிக்கொண்டார். முள்ளின் நுனி மூக்குத் துளையில் தொடங்கி, மெதுவாகக் கண் பக்கம் நகர்ந்தது. நடுவில் ஓர் இடத்தில் நின்றது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அங்கே தனியாக ஒரு சின்னச் செதில் இருந்தது.

செனெய்தா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். "இன்னைக்காவது சொல்லுங்க. ஒரு தடவை. எதாவது ஒண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டார்.

"தெரியாது, செனெய்தா" என்றார்.

செனெய்தா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அடுப்பு மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது போலி என்று நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பேசக்கூடாத இடத்தில் பேசினவள் நான். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.